ஐந்தாவது நோக்கம் நான் போட்டது

சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், எண்ணெய்க் கடைக்கு மேல்மாடியில், எங்கள் கல்லூரி நடந்தது. கல்லூரி என்றால் இரண்டு அறை, ஒரு கரும்பலகை, பதினெட்டு பெஞ்சு, அவ்வளவுதான். தேக்கா சந்தையில் மீன் விற்கிறவர்கள்கூட ‘மாடிக் காலேஜு’ என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். அந்தப் பதினெட்டு பெஞ்சில் பதினாலு நான் பலகை அறுத்துப் போட்டது. இரண்டு அறைக்கும் சாயம் அடித்ததும் நான்தான். கட்டிடங்களுக்குச் சாயம் அடிக்கும் தொழிலில் என்னிடம் ஒரு டசன் ஆள் வேலை செய்தார்கள். அவர்களை விட்டு அடிக்கச் சொல்லவில்லை, நானே ஏணி போட்டு ஏறினேன். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் ஒரு கல்லூரியின் நிர்வாகக் குழுவில் உட்கார்ந்திருந்தான் என்று அந்தக் காலத்துச் சிங்கப்பூரில் இன்னொரு ஆளைக் காட்டுங்கள், நான் பேச்சை நிறுத்திக்கொள்கிறேன்.

இப்படிப் பேசிப் பேசியே எண்பது வயதைத் தாண்டிவிட்டேன். பேச்சில் ஒன்றும் குறை இல்லை. சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது, அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஐம்பதுகளின் கடைசி அது. பகலெல்லாம் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும், முனிசிபல் சாலைகளில் தார் ஊற்றியவர்களும் சாயங்காலம் ஆறு மணிக்குக் குளித்துவிட்டு மாடி ஏறி வருவார்கள். தமிழ் எழுதப் படிக்க, கூட்டல் கழித்தல், கொஞ்சம் இங்கிலீஷ். ஆறு மாதம் ஒழுங்காக வந்து பரீட்சை எழுதினால் முத்திரை குத்திய சர்டிபிகேட். அந்தக் காகிதத்தைக் காட்டிக் கூலியாக இருந்தவர்கள் ஸ்டோர் ஆளாகவும், வாட்ச்மேனாகவும் ஆனார்கள். அதைப் பார்த்த கண்ணால் வேறு எதையும் பார்க்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றும்.

எங்கள் செயலாளர் ஒரு தமிழ் வாத்தியார். பகலில் பள்ளிக்கூடம், மாலையில் எங்கள் மாடி. கிறிஸ்தவர், ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் சட்டைக் கசங்கல்கூட இல்லாமல் நேராக வந்துவிடுவார். கல்லூரி என்றால் நோக்கம் என்று எழுதி வைக்க வேண்டும் என்றார். சுவரில் எழுதினோம். வாசலுக்கு வந்த எவரையும் திருப்பி அனுப்புவதில்லை என்பது முதலாவது. வயது, சாதி, மதம், செய்யும் வேலை பார்ப்பதில்லை என்பது அடுத்தது. பரீட்சையில் தோற்றவருக்கு மறுபடியும் இடம் உண்டு. கற்றவர் ஒருவருக்காவது கற்பிக்க வேண்டும். இந்த நாலும் வாத்தியார் மூளையில் உதித்தவை. ஐந்தாவது என்னுடையது: சேர வருகிறவர் தன் விவரத்தைத் தன் வாயால் சொல்ல வேண்டும், ஒருவருக்காக இன்னொருவர் பேசக் கூடாது.

இது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நான் துறைமுகத்தில் சேர்ந்த நாளில் எங்கள் தண்டல், அதாவது கூலிகளுக்குத் தலைவன், கூட்டத்தையே வரிசையாக நிற்கவைத்து எல்லோருடைய பெயரையும் அவனே கணக்கெழுதும் கிராணியிடம் ஒப்பித்தான். என் தகப்பன் பெயர் அவனுக்குத் தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னான், கிராணி எழுதிக்கொண்டான். பத்து வருஷம் அந்தப் புத்தகத்தில் நான் வேறு ஒருவனுக்குப் பிறந்தவன். அதை மாற்ற நான் ஏறிய படிகள் கொஞ்சமா? அதனால்தான் ஐந்தாவது நோக்கம். நான் சொல்லி முடித்ததும் குழுவில் எல்லோரும் கைதட்டினார்கள். வாத்தியார் மட்டும் பேனாவை மூடிக்கொண்டே, “அண்ணே, ஒண்ணாவதும் அஞ்சாவதும் ஒரு நாளைக்கு முட்டிக்கும்” என்றார்.

“முட்டட்டும் வாத்தியாரே. முட்டுறப்பப் பாத்துக்கலாம்” என்றேன்.

ஒரு வருஷம் முட்டவில்லை. ஆண்கள் வந்தார்கள், பெயர் சொன்னார்கள், தகப்பன் பெயர் சொன்னார்கள், வீடு சொன்னார்கள், வேலை சொன்னார்கள், உட்கார்ந்தார்கள். அடுத்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண்களுக்கும் வகுப்பு வைப்பது என்று முடிவு செய்தோம். அதே படிவத்தில் தகப்பனார் பெயர் என்ற இடத்தில், திருமணமானவர்களுக்குக் கணவர் பெயர் என்று ஒரு வரி சேர்த்து அச்சடித்துக்கொண்டோம். சர்டிபிகேட்டிலும் இன்னாரின் மனைவி என்றுதான் வரும். இதில் என்ன இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. குழுவில் ஏழு பேர், ஏழு பேரும் ஆண்கள்.

என் மனைவி அப்போது ஓர் ஆஸ்பத்திரியில் வேலை செய்துகொண்டிருந்தாள். வார்டுக்குள் இல்லை. பின்கட்டில், நோயாளிகளின் அழுக்குத் துணியை அலசும் இடத்தில். காலை முதல் மாலை வரை மருந்துத் தண்ணீரில் நின்று அவள் விரல் நுனியெல்லாம் வெளுத்து வெடித்திருக்கும். சோறு பிசைந்தால் எரியும், கரண்டியால்தான் சாப்பிடுவாள். அங்கே தாதிகளுக்குத் தலைவியாக ஒரு வெள்ளைக்காரி இருந்தாள், பெரிய மிஸ்ஸி என்பார்கள். ஒரு நாள் இவள் துணி எடுக்க வார்டு வாசலுக்குப் போனபோது, கட்டிலிலிருந்து சரியப்போன ஒரு கிழவியை ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்திருக்கிறாள். பெரிய மிஸ்ஸி அதைப் பார்த்துவிட்டாள்.

“எழுதப் படிக்கத் தெரியுமான்னு கேட்டாங்க” என்று சாயங்காலம் வந்து சொன்னாள். “தெரியாதுன்னேன். எங்கயாச்சும் ஆறு மாசம் படிச்சு ஒரு காயிதம் கொண்டா, வார்டுக்குள்ள எடுத்துக்கறேன்னாங்க. ஒரே ஒரு எடம்தான் இருக்காம். ஏங்க, உங்க மாடியில பொம்பளைங்களுக்குத் தொடங்கப் போறீங்களாமே?”

எனக்கு நெஞ்சு விரிந்துவிட்டது. “என் காலேஜுல சேர ஒனக்கு என்ன கேள்வி? ஆனா ஒண்ணு, வரிசையில நின்னுதான் வரணும். எம் பொண்டாட்டின்னு முன்னால கூப்பிட மாட்டேன்.”

“யாரு கூப்பிடச் சொன்னா? நான் நிக்கிறேன்” என்று சிரித்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் எனக்கென்று இதை வாங்கித் தாருங்கள் என்று கேட்டதில்லை. அன்று ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கேட்டாள். வாங்கிக் கொடுத்தேன். நோட்டுக்குக் காக்கிக் காகிதத்தில் உறை போட்டு, தலைமாட்டில் வைத்துக்கொண்டாள்.

சேர்க்கை ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரே நாள்தான், மறுநாள் பட்டியலை மூடிவிடுவோம். மேசைக்குப் பின்னால் நான் கேள்வி கேட்க, பக்கத்தில் வாத்தியார் எழுத உட்கார்ந்தோம். மாடிப்படி வரைக்கும் பெண்கள். என் மனைவி தன்னோடு துணி அலசும் ஒருத்தியையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். அவள் கணவனை இழந்தவள், வர மாட்டேன் என்று அடம்பிடித்தவளை இவள்தான், “சும்மா வாடி, எனக்குத் தொணைக்காச்சும் வா” என்று அழைத்து வந்திருந்தாள். அவளைத்தான் முதலில் வரிசையில் விட்டாள்.

கணவர் பெயர் என்று கேட்டதும் அந்தப் பெண் சத்தமாகச் சொன்னாள். வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார். “அவருதான் போயிட்டாருங்களே. இனிமே சொன்னா அவருக்கு என்ன ஆகப்போவுது?” என்றாள். எழுதிக்கொண்டோம்.

அடுத்து வந்தவளிடம் கேட்டேன். அவள் பேசாமல் சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டினாள். காலண்டரில் சாமி படம். எல்லோரும் சிரித்தார்கள்.

“வெரலுக்கு வாய் இருக்கா தாயி? வாயால சொல்லு” என்றேன்.

அவள் புருஷன் என்னிடம் சாயம் அடிக்கிறவன். படியில் நின்றபடி, “முதலாளி, அது நான்தான்! எழுதிக்குங்க!” என்று கத்தினான்.

“நீ படிக்க வந்தியா, அவ படிக்க வந்தாளா? அவ சொல்லட்டும்டா.”

அவள் சொல்லவில்லை. அவளுக்குப் பின்னால் நின்றவளும் சொல்லவில்லை. “வேணாங்க ஐயா, அந்த மனுஷன் நல்லாருக்கட்டும்” என்று கும்பிட்டுவிட்டு விலகிக்கொண்டாள். எனக்கு உற்சாகம் ஏறிவிட்டது. புருஷன் பேரைச் சொன்னால் நாக்கு வெந்துபோகுமா, ஆயுசு குறைந்துபோகுமா, இந்த மூடத்தனத்தை ஒழிக்கத்தானே கல்லூரி என்று நின்றுகொண்டு ஒரு பிரசங்கமே செய்தேன். கூட்டங்களில் கேட்டதை எல்லாம் கொட்டினேன். நன்றாகத்தான் பேசினேன், இப்போதும் சொல்வேன். அந்த இரண்டு பெண்களும் போகாமல் படி ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் என் மனைவி மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“பேரு?”

சொன்னாள்.

“வீடு?”

“தெரியாத மாதிரி கேக்குறீங்க.”

“தெரியாது. சொல்லு.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு சந்தின் பெயரும் கதவு எண்ணும் சொன்னாள்.

“வேலை?”

“ஆஸ்பத்திரியில துணி அலசுறேன்.”

“புருஷன் பேரு?”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டு அதோடு முடிந்துவிட்டதாக நினைத்திருக்க வேண்டும். நான் மறுபடியும் கேட்டேன். பின்னாலிருந்து ஒருத்தி, “எதுத்தாப்புல குந்தியிருக்காரே, அவரு பேருதான்!” என்றாள். அறையே சிரித்தது. வாத்தியாரும் சிரித்துக்கொண்டே, “எனக்குத் தெரியாதா அண்ணே, எழுதிக்கறேன்” என்று பேனாவைப் படிவத்தில் வைத்தார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “எழுதாதீங்க. அந்த ரெண்டு பேருக்கு ஒரு சட்டம், எம் பொண்டாட்டிக்கு ஒரு சட்டமா?”

“சரிண்ணே, அப்படின்னா அவங்க தகப்பனார் பேரைப் போட்டுக்குவோம். ரெண்டு பேரையும்கூடத் திருப்பிக் கூப்பிட்டு அப்படியே போட்டுக்குவோம். யாருக்கு என்ன நஷ்டம்?”

நல்ல வழி. அந்த நேரத்தில் அதைவிட நல்ல வழி கிடையாது. இன்றுவரை நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் அதுதான். நான் என்ன சொன்னேன்? “புருஷன் இருக்கறப்ப அப்பன் பேர்ல சர்டிபிகேட் வாங்குவாளா? ஏன், நான் என்ன செத்தா போயிட்டேன்?”

அவள் சட்டென்று தாலியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை. “இருக்கட்டுங்க” என்றாள், என்னிடம் இல்லை, வாத்தியாரிடம். காக்கி உறை போட்ட நோட்டைத் தன்னோடு வந்தவளிடம் கொடுத்தாள். “ஒனக்கு ஆகும், வச்சுக்க.” படி இறங்கிப் போய்விட்டாள்.

வீட்டுக்குப் போனபோது அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். சோறு வடித்து மீன் குழம்பு வைத்திருந்தாள். எனக்கு அது இன்னும் எரிச்சல். “ஒரு வார்த்தை. சொல்லித் தொலைச்சா என்ன? என்னை அத்தனை பேரு முன்னால...” என்று ஆரம்பித்தேன்.

“ஒரு தடவ சொல்லிருக்கேன்” என்றாள்.

“எப்ப?”

“ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேந்த அன்னைக்கு. கிராணி கேட்டான். சொல்லாட்டி வேலை இல்லன்னுட்டான். சொல்லிட்டேன். மத்தியானம் உங்க ஆளு ஓடி வந்தான், நீங்க சாரத்துலேருந்து விழுந்துட்டீங்கன்னு.”

நான் விழுந்தது உண்மை. அதற்கு ஒன்றரை வருஷம் முன்னால், ஆற்றங்கரைப் பக்கம் ஒரு கட்டிடத்துக்குச் சாயம் அடித்தபோது, மூங்கில் சாரம் முறிந்து இரண்டாம் மாடியிலிருந்து விழுந்தேன். நாலு மாதம் படுக்கை. அவள் துணி அலசித்தான் அடுப்பு எரிந்தது. எழுந்து நடந்ததும் ஊரெல்லாம் என்ன சொன்னேன்? என் உடம்பு இரும்பு உடம்பு, நானாக எழுந்தேன் என்று. ஒன்றரை வருஷமாக இவள் ஒருத்தி, தன் வாயால்தான் அந்த மூங்கில் முறிந்தது என்று நம்பிக்கொண்டு, படுக்கையில் கிடந்த என்னைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

“அதெல்லாம் பழைய மூங்கில். மழையில ஊறுனது” என்றேன்.

“இருக்கலாம். நாளைக்கும் நீங்கதானே ஏறப் போறீங்க? சோறு ஆறுது, சாப்பிடுங்க.”

மறுநாள் திங்கட்கிழமை. பட்டியல் மாலையில்தான் மூடும். காலையில் வாத்தியாரைப் போய்ப் பார்த்து, தகப்பனார் பெயரையே போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தால் மூன்று பெண்களும் உள்ளே வந்திருப்பார்கள். கிளம்பத்தான் செய்தேன். வழியில் கோப்பிக் கடையில் என் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். “முதலாளி, சொந்தப் பொண்டாட்டியவே திருப்பி அனுப்பிட்டீங்களாமே! சட்டம்னா சட்டம்தான் லா!” என்று எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டார்கள். நேற்றுவரை தெரியாதவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். உட்கார்ந்தேன். நடந்ததை விவரித்தேன். இரண்டாவது கோப்பியும் குடித்தேன். அதற்கப்புறம் வாத்தியார் வீட்டுப் பக்கம் எப்படிப் போவது? போகவில்லை.

ஆறு மாதம் கழித்துப் பெண்களுக்குச் சர்டிபிகேட் கொடுத்தோம். மேடையில் நின்று கொடுத்தது நான். என் மனைவியோடு வந்தவள் நல்ல மார்க்கு. மறு வாரம் பெரிய மிஸ்ஸி அந்த ஒரே இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டாள். அவள் வெள்ளைச் சீருடையோடு எங்கள் வீட்டுக்கு லட்டுப் பொட்டலம் கொண்டுவந்து, வாசலிலேயே நின்று அழுதாள். “அக்கா, இது ஒன்னோட எடம்.”

“அடி போடி. கஞ்சி போட்ட துணி, அழுது கசக்காத” என்று என் மனைவி அவள் தோளைத் தட்டி உள்ளே கூட்டிக்கொண்டு வந்தாள். லட்டைப் பிட்டு எனக்கும் ஒரு துண்டு கொடுத்தாள். நான் தின்றேன்.

அடுத்த வருஷம் ஐந்தாவது நோக்கத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்ததும் நான்தான்: தன் பெயரைச் சொன்னால் போதும், வேறு எவர் பெயரும் கேட்பதில்லை. அதற்கும் கைதட்டினார்கள். அந்த இரண்டு பெண்களும் வந்து சேர்ந்தார்கள். ஓடிப்போய் என் மனைவியிடம் சொன்னேன். “நல்லது செஞ்சீங்க” என்றாள். வருகிறாயா என்றேன். “எதுக்கு? பெரிய மிஸ்ஸி ஊருக்குப் போறாங்க. வெள்ளைக்காரங்க எல்லாம் போறாங்கள்ல.”

பெரிய மிஸ்ஸியின் இடத்துக்குப் புதிதாக வந்தவர் நம் நாட்டுப் பெண்தான். அவர் கேட்டது மாடிக் கல்லூரிக் காகிதம் இல்லை, பள்ளிக்கூடத்து ஆறாம் வகுப்புச் சர்டிபிகேட். நான் என் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு அவரைப் போய்ப் பார்த்தேன். கல்லூரி நிர்வாகக் குழுவில் இருக்கிறவன் என்று சொல்லிக்கொண்டேன். எந்தக் கல்லூரி என்று மரியாதையாகக் கேட்டார். சொன்னேன். கேள்விப்பட்டதில்லையே என்றார். அதோடு அந்தக் கதவு சாத்திக்கொண்டது.

அப்புறம் நாடே மாறியது. அரசாங்கமே பெரியவர்களுக்கு வகுப்பு நடத்த ஆரம்பித்தது. மின்விசிறி, புதுப் புத்தகம், சம்பள வாத்தியார்கள். எங்கள் மாடி காலியாகிக்கொண்டே வந்தது. அறுபதுகளின் நடுவில் இழுத்து மூடினோம். கடைசிக் கூட்டத்தில் எனக்கு மாலை போட்டு, வாசலுக்கு வந்த எவரையும் திருப்பி அனுப்பாதவர் என்று பேசினார்கள். வாத்தியார் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் மாலையோடு எழுந்து நின்று கும்பிட்டேன்.

வீட்டில் நானே கற்றுக்கொடுக்கிறேன் என்று என் மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். அப்போது குயின்ஸ்டவுனில் அடுக்குவீட்டுக்கு வந்துவிட்டோம். மேசை இருந்தது, விளக்கு இருந்தது. அவள் என்னை நிதானமாகப் பார்த்துச் சொன்னாள். “படிக்கணும்னு எனக்கு ஆசை ஒண்ணும் இல்லீங்க. வார்டுக்குள்ள போவணும்னுதான் இருந்துச்சு.”

கல்வி, முன்னேற்றம், அறியாமை ஒழிப்பு என்று பத்து வருஷம் மேடை மேடையாகப் பேசியிருக்கிறேன். ஒருத்தி என்ன கேட்டு வந்து நின்றாள் என்பது மட்டும் என் காதில் விழவில்லை.

அறுபதுகள் முடியும் சமயத்தில் ஆஸ்பத்திரியில் துணி துவைக்க இயந்திரங்கள் வந்தன. பின்கட்டுப் பெண்களை நிறுத்திவிட்டார்கள். அவளுடைய கடைசி நாளில் நான் லாரியை எடுத்துக்கொண்டு போய் வாசலில் காத்திருந்தேன். சொந்த லாரி, கதவில் என் பெயர் எழுதியது. நேரமாகியும் வரவில்லை. அவளோடு வேலை செய்தவள், இப்போது வார்டில் மூத்தவள், அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போயிருக்கிறாள். கட்டில் கட்டிலாகக் காட்டியிருக்கிறாள்.

அரைமணி கழித்து வந்தாள். ஏறி உட்கார்ந்து முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“எப்படி இருந்துச்சு?” என்று கேட்டேன்.

“கட்டில் எல்லாம் ஜன்னலப் பாத்துப் போட்டிருக்காங்க. படுத்துக்கிட்டே மரம் தெரியுது” என்றாள். அப்புறம், “ஒரு அம்மாவுக்குத் தலகாணி சரிஞ்சு கெடந்துச்சு. எடுத்து வச்சேன். யாரும் ஒண்ணும் சொல்லல” என்றாள்.

நான் வண்டியைக் கிளப்பினேன். வாய் ஓயாதவன் என்று பெயர் வாங்கியவன், வீடு வரும்வரை அவள் பக்கத்து ஜன்னலில் மரம் தெரியும் தெருக்களாகப் பார்த்து ஓட்டினேன்.